பழகாத பிரேக் கட்டை

ஊர்க்காவலனின் சைக்கிளில் பிரேக் இருக்கிறது என்று நம்பிய ஆள் உலகத்திலேயே ஒருத்தர்தான். அதை வடக்கே எங்கேயோ செய்து ரயிலில் ஏற்றிவிட்ட கம்பெனிக்காரர். வெம்பக்கோட்டைப் பக்கம் அந்த இறக்கத்தில் குடியிருந்த மற்ற ஜீவராசிகள் அத்தனைக்கும் உண்மை தெரியும். காலை ஆறேகாலுக்கு மேட்டில் மட்கார்டு சத்தம் கேட்டால் கோழிகள் தன்னால் ரோட்டை விட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஆடுகள் குட்டிகளை முட்டித் தள்ளிக்கொண்டு வேலியோரம் போகும். ஒருநாள் எதிரே வந்த மினி பஸ் ரிவர்ஸ் எடுத்து எடுத்து சாத்தூருக்கே திரும்பிப் போய்விட்டதாகச் சொல்வார்கள். சாத்தூர் இல்லை, ஆலமரம் வரைக்கும்தான் என்று சொல்லுகிற பொய்யர்களும் உண்டு.

இறக்கம் நேராகப் போய் பயராபீஸ் கேட்டில் முடியும். பட்டாசுக் கம்பெனியை அங்கே பயராபீஸ் என்றுதான் சொல்வார்கள். பாதி இறக்கத்தில், இடது கைப்பக்கம் ஒரு மண்பாதை பிரிந்து தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும். ஊர்க்காவலன் பதினேழு வருசமாகப் பயராபீசில் மருந்து கலக்குகிறவன். அவன் பெண்டாட்டி வள்ளித்தாய் தீப்பெட்டி ஆபீசில், குச்சியை உரசுகிறோமே, பெட்டியின் பக்கவாட்டு மருந்து, அதைப் பூசுகிறவள். இறக்கத்தில் இறங்கிவிட்டால் அவன் சைக்கிள் அவனிடம் ஒரு வார்த்தை கேட்காது. செருப்பைத் தரையில் தேய்த்துத் தேய்த்து, செருப்பு தீர்ந்ததும் குதிகாலைத் தேய்த்து, கடைசியில் கேட்டுக்கு வெளியே நிற்கிற வேப்பமரத்தில் போய் முட்டித்தான் நிற்பான். அந்த மரத்தில் அவன் முட்டுகிற உயரத்துக்குப் பட்டை கிடையாது.

சுனாமி வந்ததற்கு மறுவருசம் ஆடி மாசம், ஒரு சனிக்கிழமை, மரத்தில் முட்டப் போனவனுக்கும் மரத்துக்கும் நடுவில் போர்மேன் சங்கிலிமுத்து அண்ணாச்சி டீ குடித்துக்கொண்டு நின்றார். டீ முழுக்க அண்ணாச்சியின் வெள்ளை வேட்டியில்.

"ஏலே காவலா," என்றார் வேட்டியை உதறிக்கொண்டு. "நீ என்ன சுண்ணாம்பா கலக்குற? மருந்துலே! காலையில மரத்துல முட்டிட்டு, கை நடுங்கிக்கிட்டே போயி மருந்துல கைய வைக்கிற. திங்கக்கிழமை பிரேக் இல்லாம வந்தேன்னு வையி, மரத்துல முட்டுனவன் அப்பிடியே வீட்டப் பாத்துத் திரும்பிர வேண்டியதுதான்."

"தீவாளிக்கு மூணு மாசங்கூட இல்ல. நான் இல்லாம யாரு அண்ணாச்சி கலக்குவா?"

"நான் கலக்குவேன்லே! முப்பது வருசம் இந்தக் கையாலதான கலக்குனேன்?"

போர்மேன் முப்பது வருசமாகக் கலக்கியது டீயில் சீனியைத்தான் என்று காம்பவுண்டு முழுக்கத் தெரியும். ஆனாலும் ஊர்க்காவலன் ஞாயிற்றுக்கிழமை காலையில் முனியராஜ் கடைக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான்.

முனியராஜ் நாலு கட்டைகளையும் மாட்டி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "அண்ணே, மாட்டியாச்சி. ஆனா பிடிக்காது."

"புதுசுதானலே?"

"புதுசு. அதான் பிடிக்காது. புது மாப்பிள்ளைக்கு மாமியா வீட்டுல பேச்சு ஒட்டுமா? வழுக்கும். நாலு நாள் இருந்து, நாலு சண்டை போட்டாத்தான் ஒட்டும். கட்டையும் ரிம்மும் அப்பிடித்தான். பழகணும்."

"எப்பிடிப் பழக்க?"

"ரிம்முல எண்ணெப் பிசுக்கு இல்லாமத் தொடைங்க. கட்டை மூஞ்சியில மினுமினுன்னு ஒரு பாலீஷ் இருக்கு பாருங்க, அத உப்புத்தாள வச்சி லேசாத் தேய்ச்சி எடுங்க. அப்பறம் ஓட்டுங்க. அமுக்குங்க, வேகம் கொறையணும், நிக்கிறதுக்கு முன்ன விட்டுரணும். திரும்ப ஓட்டுங்க, அமுக்குங்க. முப்பது நாப்பது வாட்டி. ரிம்மு சூடாகி, கட்டை தேஞ்சி, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு படிஞ்சிரும். அதுக்குப் பெறகு யானைய கேரியர்ல வச்சிக்கிட்டு எறங்குங்க, நிக்கும்."

"சரி, உப்புத்தாள் குடு."

"தீந்துபோச்சிண்ணே. நாளைக்குத்தான் சாத்தூர்லருந்து வரும்."

வீட்டுக்கு வந்தான். வள்ளித்தாய் ஆமத்தூரில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்தாள்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டாசு மருந்தும் தீப்பெட்டி மருந்தும் பங்காளிச் சண்டைக்காரர்கள். தனித்தனியே இருந்தால் இரண்டும் சாது. ஒரு சிட்டிகையும் ஒரு சிட்டிகையும் சேர்ந்து லேசாக உரசினால் போதும், ஆள் இருந்த இடம் தெரியாது. அதனால் அந்த வட்டாரத்தில் ஒரே வீட்டில் புருசன் அங்கேயும் பெண்டாட்டி இங்கேயும் வேலைக்குப் போவது அபூர்வம். இவர்கள் போனார்கள். வீட்டுக்கு நடுவில் சுண்ணாம்பால் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் அவன் பாய், அவன் சட்டை, அவன் சோப்பு. அந்தப் பக்கம் அவள் பாய், அவள் சேலை, அவள் சோப்பு. துணி காயப்போட ரெண்டு கொடி, அதுவும் காத்து எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து. சாயந்தரம் வந்ததும் வள்ளித்தாய் அரைமணி நேரம் தேய்த்துக் குளிக்காமல் புருசனுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுக்க மாட்டாள். "இந்தக் கோட்டையும் வச்சிக்கிட்டு ரெண்டு பிள்ளை எப்பிடி பெத்தீக?" என்று ஊர்ப் பெண்கள் கேட்டால், "குளிச்சிட்டுத்தான்" என்பாள் முகம் மாறாமல்.

கட்டைகளைக் கழற்றி, மினுமினுப்பை எடுக்க ஊர்க்காவலன் முதலில் செங்கல்லில் தேய்த்தான். ரப்பர் ஒரு மூலையில் குதறிக்கொண்டு வந்தது. சிரட்டையில் தேய்த்தான், சிரட்டை பளபளப்பானது. அம்மியில் தேய்த்தான்; கட்டை அரைத்த மிளகாயாக மணத்தது. அப்போதுதான் கோட்டுக்கு அந்தப் பக்கம் கண் போனது. அடுப்பெரிக்க வள்ளித்தாய் கொண்டுவந்து போட்டிருந்த கழிவுத் தீப்பெட்டிகள், ஒரு சாக்கு. ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் சொரசொரவென்று, அளவெடுத்து வெட்டின உப்புத்தாள் மாதிரியே.

தெரியாமல் செய்தான் என்று சொல்ல முடியாது. தெரிந்துதான் செய்தான். 'இன்னைக்கி லீவு. முடிச்சதும் குளிச்சிருவோம்' என்று சொல்லிக்கொண்டு, ஒரு குச்சியால் ஒரு பெட்டியை இழுத்தான். அதுதான் நல்ல பதம். நாலே இழுப்பில் பாலீஷ் போய் கட்டை முகம் பூனை நாக்கு மாதிரி ஆனது. பன்னிரண்டு பெட்டி தேய்த்தான்.

பிறகு கட்டைகளைத் திரும்ப மாட்டிக்கொண்டு அணைக்கட்டுக் கரைக்குப் போனான். ஏறினான், இறங்கினான், அமுக்கினான், விட்டான். ஐந்தாவது தடவையில் வேகம் குறைய ஆரம்பித்தது. பத்தாவது தடவையில் கட்டை 'ஙொய்ய்' என்று பாடியது; அணைக்குள் கிடந்த எருமைகள் தலையைத் தூக்கின. பதினைந்தாவதில் ரிம்மிலிருந்து வெள்ளையாக ஒரு இழை புகை வந்தது. யாரோ பீடி பற்றவைத்த வாசனை. 'ஆகா, கட்டை பழகுது' என்று பூரித்துப்போனான். நாற்பதாவதில், சைக்கிள் ஒற்றைக்கல் தூண் மாதிரி நின்றது. நின்ற வேகத்தில் அவன் மட்டும் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் ஒரு எருமைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். பெத்த தாய் சாகும்வரை அவ்வளவு சந்தோசமாக அவன் முகத்தைப் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து மூன்று தடவை குளித்தான். சீயக்காய் போட்டு ஒரு தடவை, சோப்புப் போட்டு ஒரு தடவை, சாம்பல் போட்டு ஒரு தடவை. சட்டையை எரித்தான். கோட்டைத் துடைத்துப் புதிதாகப் போட்டான். எல்லாம் குளித்தது. சைக்கிள் குளிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை அவன் இறங்கி வந்தபோது வாட்ச்மேன் சின்னச்சாமி வழக்கம்போல வேப்பமரத்தடியிலிருந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு விலகினார். சைக்கிள் கேட்டுக்கு நாலடி முன்னால், கோழி முட்டை மேல் வைத்தாலும் உடையாத மாதிரி, வந்து நின்றது.

"என்ன மருமவனே, மரத்துக்கு இன்னைக்கி லீவா?"

"மாமா, இங்கன பாருங்க. இங்கன வந்து பாருங்க." ஊர்க்காவலன் குனிந்து ரிம்மைக் காட்டினான். "கறுப்பா ஒரு கோடு தெரியுதா? கட்டை படிஞ்சிருக்கு. ஒரு நாளு வேலை. தொட்டுப் பாருங்க."

"எனக்கு எதுக்குய்யா அது?"

"தொட்டுப் பாருங்கிறேன்!"

சின்னச்சாமி தொடவில்லை. ஊர்க்காவலன்தான் தொட்டான். கட்டைவிரலால் ரிம்மை ஒரு சுற்று வழித்தான். நாலு கட்டைகளின் முகத்தையும் பிள்ளையின் கன்னத்தைத் தடவுகிற மாதிரித் தடவினான். சங்கு ஊதியது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினான். பீடி இருக்கிறதா, செல்போன் இருக்கிறதா, இடுப்பில் இரும்புச் சாவி இருக்கிறதா என்று சின்னச்சாமி தடவிப் பார்த்தார். விரலைப் பார்க்கவில்லை.

மருந்து கலக்குகிற அறை மற்ற அறைகளிலிருந்து தள்ளி, சுற்றிலும் மண்மேட்டுக்கு நடுவில், கழற்றி வைத்த சட்டை மாதிரித் தனியாகக் கிடக்கும். தரையில் ரப்பர் விரிப்பு. வாசலில் உடம்பிலுள்ள கரண்ட்டை இறக்க ஒரு செம்புத் தகடு. வெயில் ஏறுவதற்குள் கலந்து முடித்துவிட வேண்டும். கூடச் சேர்ந்து வேலை பார்க்கிற ஆள் அன்றைக்குக் காய்ச்சலில் வரவில்லை. ஊர்க்காவலன் தகட்டைத் தொட்டான், உட்கார்ந்தான், சல்லடையை இழுத்தான், ரெண்டு கையையும் மணிக்கட்டு வரைக்கும் மருந்துக்குள் விட்டு அளைந்தான். வெள்ளிப் பொடி என்கிற அலுமினியத் தூள் ஏறி ஏறி கை, முழங்கை, மீசை எல்லாம் வெள்ளியாயிற்று. பதினேழு வருசத்தில் அவன் தும்மினாலும் வெள்ளிதான். ஒரு தரம் அவன் வேர்வையை நக்கின ஆட்டுக்கிடாய் ஒரு வாரம் இருட்டிலும் தெரிந்ததாம்.

நாலு தடவை அளைந்திருப்பான். வலது கட்டைவிரல் மேலே வந்தது. விரல் முழுக்க வெள்ளி. நகக்கண்ணில் மட்டும் காய்ந்த ரத்தம் மாதிரி ஒரு நிறம்.

அந்த நிறத்தை அவன் வேறு எங்கேயும் பார்த்ததில்லை. பெண்டாட்டியின் கட்டைவிரலில்தான், தினமும் சாயந்தரம், குளிப்பதற்கு முன்னால்.

கை நின்றது. மூச்சு நின்றது. மேலே கூரையில் ஊர்ந்துபோன பல்லிகூட நின்றதாகத்தான் அவனுக்குப் பட்டது.

"அண்ணாச்சி," என்றான். அது வாசலைத் தாண்டவில்லை. "அண்ணாச்சீ!"

மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் போர்மேன் குரல். "என்னலே?"

"அண்ணாச்சி, வராதீக. அங்கனயே நின்னு கேளுங்க. என் நகத்துல தீப்பெட்டி மருந்து இருக்கு."

"எங்க இருக்கு?"

"நகத்துல."

"நகம் எங்க இருக்கு?"

"மருந்துல."

பிறகு போர்மேனின் செருப்புச் சத்தம், ரொம்ப வேகமாக, ரொம்பத் தூரத்துக்கு. அடுத்து மணி. இருநூறு பெண்கள் அறை அறையாக வெளியேறி, கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, புளியமரத்தையும் தாண்டி நின்றார்கள். அவ்வளவு பெண்கள் ஓடியும் ஒரு வளையல் சத்தம் இல்லை. பயராபீஸ் ஓட்டம் அப்படித்தான். அப்புறம் போர்மேன் மண்மேட்டுக்குப் பின்னாலிருந்து தலையை மட்டும் நீட்டினார்.

"கைய எடுலே, மெதுவா."

"எடுத்தா உரசுமே அண்ணாச்சி."

"அப்ப எடுக்காத."

"எம்புட்டு நேரம்?"

"அத யோசிக்கத்தான வந்திருக்கேன்! தண்ணி ஊத்தவா?"

"ஐயோ, நீங்களா போர்மேனு? பாதி நனைஞ்சா மருந்து தானா சூடேறுமே. ஊத்துனா கம்மாயவே கொண்டாந்து ஊத்தணும். நான் வெளிய வந்தப்பறம் ஊத்துங்க."

"அதுவுஞ்சரி. ஏலே, வேர்க்காத! ஒரு சொட்டு உள்ள விழுந்துறக் கூடாது."

வேர்க்காதே என்று சொன்ன நிமிசத்திலிருந்து ஊர்க்காவலனுக்கு ஜென்மத்தில் வேர்க்காத இடமெல்லாம் வேர்த்தது. நெற்றியில் ஒரு சொட்டு புறப்பட்டு, புருவத்தில் தங்கி, மூக்குத் தண்டு வழியாக இறங்கி நுனியில் வந்து உட்கார்ந்தது. அவன் தலையைப் பின்னுக்குச் சாய்த்தான், அந்தச் சொட்டு மூக்குக்குள் போகட்டும் என்று. கழுத்து வலித்தது. கால் மரத்தது. பதினேழு வருசமாக வந்துபோன அறை; நாலு பக்கமும் நாலு எட்டுத்தான். வாசலில் வெயில் பளிச்சென்று கிடந்தது. மூன்றடி. அது இப்போது மதுரையைவிடத் தூரம்.

"அது தீப்பெட்டி மருந்துதானாலே? ரப்பர் கறையா இருக்கப் போகுது," என்றார் போர்மேன் ஆசையோடு.

"வள்ளியக் கூப்பிடுங்க. அவளுக்குத்தான் தெரியும்."

சின்னச்சாமி வேலியைத் தாண்டிக் குறுக்கு வழியாக ஓடினார். வள்ளித்தாய் வேலை செய்த கோலத்தில், அள்ளிச் செருகின சேலையோடு வந்து மண்மேட்டில் ஏறி நின்றாள்.

"என்ன செஞ்சி தொலைச்சீக?"

"பிரேக் கட்டைய உப்புத்தாள் வச்சி..."

"உப்புத்தாளுக்கு எதுக்கு மணியடிச்சி ஊரக் கூட்டுறீக?"

"உப்புத்தாள் கெடைக்கல. ஒன் பெட்டி ஒண்ணு எடுத்துத் தேய்ச்சேன்."

"ஒண்ணா?"

"பன்னெண்டு."

வள்ளித்தாய் சேலையை இன்னொரு தரம் இழுத்துச் செருகினாள். பிறகு பேசினாள். அவள் பேசினதை எழுதினால் தாள் பற்றிக்கொள்ளும். அவன் தாயிலிருந்து ஆரம்பித்து, முனியராஜின் தாத்தா வழியாக, பிரேக் கேட்ட போர்மேனின் வேட்டி வரைக்கும் வந்தாள். போர்மேன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"பேசி முடிச்சிட்டியா?" என்றான் ஊர்க்காவலன் பரிதாபமாக. "ஏ வள்ளி, கால் மரத்துப்போச்சி. நான் செத்துருவனா?"

"சாவீக. இங்கன இல்ல, எங் கையால. நேத்துக் குளிச்சப்பறம் எப்ப தொட்டீக?"

"காலையில. மாமாவுக்குக் காமிக்கத் தொட்டேன்."

"அப்ப காஞ்சதுதான். பொடியா இருக்கும்." அவள் குரல் இறங்கியது. "இந்தா பாருங்க, என்னையப் பாருங்க. கைய அசைக்காதீக. விரல விரிக்காதீக. நான் வந்து..." என்று மேட்டிலிருந்து ஒரு கால் இறக்கினாள்.

"ஏ தாயீ!" போர்மேன் அலறினார். "ஒங் கையப் பாரு!"

பார்த்தாள். ரெண்டு கையும் முழங்கை வரைக்கும் அதே காய்ந்த ரத்தம். சேலையில், கழுத்தில், நெற்றி முடியில். காலையிலிருந்து நூற்றுக்கணக்கான பெட்டி பூசின மருந்து. அவன் நகக்கண்ணில் இருப்பது கடுகு. அவள் நடந்துவருகிற குடோன். அவள் அந்தக் காலை மெதுவாகத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி," என்றாள். "எண்ணெ வேணும். நல்லெண்ணெ. தண்ணி பட்டாத்தான் சூடேறும், எண்ணெ பட்டா உரசாது. நாங்க கை கழுவுறதுக்கு முன்ன எண்ணெதான் போடுவோம். மணிக்கட்டுலருந்து ஒழுகவிட்டா, விரலோட வழிஞ்சி எறங்கும். கை வெண்ணெய்ல மாதிரி வந்துரும்."

சின்னச்சாமி கேட்டோரத்துக் காளியம்மன் கோயிலிலிருந்து விளக்குக்கு வைத்திருந்த எண்ணெய்த் தூக்கை எடுத்துவந்தார். எண்ணெய் வந்துவிட்டது. அதைக் கொண்டுபோக ஆள் வரவில்லை. சின்னச்சாமி பார்த்தார். போர்மேன் வானத்தைப் பார்த்தார். மழை வருமா என்று யோசிக்கிற முகம்.

"முப்பது வருசம் கலக்குன கை யாருது அண்ணாச்சி?" என்றாள் வள்ளித்தாய்.

"என்னுதுதான்..."

"அது இப்ப எங்க இருக்கு? பையிலயா?"

"தாயி, எனக்கு சுகர் இருக்கு..."

"எனக்கு இவுக ஒருத்தர்தான் இருக்காக."

போர்மேன் அவளை ஒரு பார்வை பார்த்தார். செருப்பைக் கழற்றினார். எண்ணெய்த் தூக்கை வாங்கினார். மண்மேட்டிலிருந்து வாசலுக்கு முப்பதடி. அதை அவர் கடந்த நேரத்தில் ஒரு பயறு விதைத்து அறுவடை எடுத்துவிடலாம். செம்புத் தகட்டை ஏழு தடவை தொட்டார். உள்ளே வந்து மண்டிபோட்டார். அவர் கை ஆடிய ஆட்டத்தில் எண்ணெய் பாதி அவர் வேட்டியிலேயே போனது.

"அண்ணாச்சி, நடுங்காதீக," என்றான் ஊர்க்காவலன்.

"நீ மூக்கச் சொட்டாம இருலே!"

"சத்தம் போடாதீக ரெண்டு பேரும்! ஊத்துங்க அண்ணாச்சி!" வெளியிலிருந்து வள்ளித்தாய். "நூல் மாதிரி. மணிக்கட்டுல. இன்னும். இன்னும். இப்ப எடுக்காதீக. எறங்கட்டும். நான் சொல்லுறப்ப."

எண்ணெய் வெள்ளியைக் கறுப்பாக்கிக்கொண்டு வழிந்தது. விரல் இடுக்கில் குளிர்ந்தது. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள், வாய்விட்டு, நூறு வரைக்கும். தொண்ணூறில் போர்மேன் அழுதுகொண்டிருந்தார்.

"இப்ப."

கை வழுக்கிக்கொண்டு வந்தது. இருவரும் வாசலில் ஒரே நேரத்தில் மாட்டிக்கொண்டு, தோளை உரித்துக்கொண்டு வெளியே விழுந்தார்கள். அப்புறம் தண்ணீர் லாரி வந்தது. ஒரு லாரித் தண்ணீரையும் தூரத்திலிருந்து பீய்ச்சி அந்த அறையை மூழ்கடித்தார்கள். சைக்கிளில் இருந்த நாலு கட்டைகளையும் எண்ணெயில் முக்கிக் கழற்றி, ஊர் எல்லைக்கு வெளியே குழி தோண்டிப் புதைத்தார்கள். ரிம்மை எண்ணெய் போட்டுத் தேய்த்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, ஏழு தண்ணீர் விட்டு அலசினார்கள்.

சாயந்தரம் போர்மேன் வீட்டுக்கு வந்தார். புது வேட்டி. கோட்டுக்கு எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் வாசல்படியிலேயே நின்றார். ஊர்க்காவலன் கம்மங்களிச் சட்டியை முன்னால் வைத்து உட்கார்ந்திருந்தான். கை ஆடியது, வெங்காயம் வாய்க்குப் போகாமல் காதுக்குப் போனது.

"மொதலாளி சொல்லிட்டாக," என்றார் போர்மேன். "ஒரு வீட்டுக்கு ஒரு மருந்துதான். நாளையிலருந்து வள்ளி தீப்பெட்டி ஆபீசுக்குப் போகக்கூடாது. நம்ம கம்பெனியிலயே சரவெடி பின்ன வரட்டும். ஒரு கேட்டுல புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் உள்ள போயிரலாம். அவனும் வழக்கம்போல வந்துரணும். ஆர்டர் குமிஞ்சி கெடக்கு."

"இந்தக் கைய வச்சிக்கிட்டா?" என்றாள் வள்ளித்தாய்.

"ரெண்டு நாள்ல சரியாயிரும் தாயி."

"ரெண்டு நாளைக்கு நீங்க கலக்குங்களேன்."

போர்மேன் படியிலிருந்து ஒரு எட்டு பின்னால் போனார். "யோசிச்சிச் சொல்லுங்க," என்றார். "நாளைக்கு கேட்டத் தெறந்து வைக்கச் சொல்லுறேன்."

அவர் போனதும் வள்ளித்தாய் களிச்சட்டியைத் தன் பக்கம் இழுத்து, உருண்டை பிடித்து அவன் கையில் வைக்காமல் நேரே வாயில் கொடுத்தாள்.

"ஒரு வீட்டுக்கு ஒரு மருந்து. சரிதான். ஆனா அது எம் மருந்தா இருக்கட்டும். எங்க ஆபீசுல பண்டலு லோடு ஏத்த ஆளில்ல. நான் கேட்டுட்டேன். நாளைக்கே வரச் சொல்லிட்டாக. முதுகு வலிக்கும், உசுரு இருக்கும்."

"பதினேழு வருசம் வள்ளி."

"பதினேழு வருசமும் இந்தச் சங்கு ஊதுனதுலருந்து நீங்க வீடு வந்து சேருற வரைக்கும் எங்கன சத்தம் கேட்டாலும் பிரஷ்ஷ கீழ வச்சிட்டு எந்திரிச்சி நிப்பேன். மேஸ்திரி ஏசுவான். திரும்ப உக்காருவேன். அம்புட்டுத்தான் என் பொழப்பு." இன்னொரு உருண்டை பிடித்தாள். "அந்த ரூம்புக்கு இனிமே போவீகளா?"

மூக்கு நுனியில் வந்து உட்கார்ந்த அந்தச் சொட்டு இன்னும் அங்கேயே இருப்பதுபோல அவன் மூக்கைத் தடவிக்கொண்டான். "போகல," என்றான். "சத்தியமாப் போகல. காலையில மண்பாதை முக்குல நில்லு. இடது பக்கம் திரும்பி வந்துருவேன்."

முனியராஜ் செய்தி கேட்டு அவனாகவே வந்து வேறு நாலு கட்டைகள் மாட்டினான். "உப்புத்தாள் வந்துருச்சி, தேய்ச்சித் தரவாண்ணே?" என்றான். ஊர்க்காவலன் ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான். கட்டையில் இனி யாரும் எதையும் தேய்க்கக் கூடாது.

"அப்ப ரெண்டு நாளைக்கி எறக்கத்துல விடாதீக. நடந்து போங்க."

எப்படி நடப்பான்? அந்த இறக்கத்தில் பதினேழு வருசமாகச் சைக்கிளில் போனவன் ஒருநாள் நடந்தால், 'காவலன் பயந்துட்டான்லே' என்று கோழிகூடச் சொல்லும்.

செவ்வாய்க்கிழமை காலை வள்ளித்தாய் முன்னாலேயே போய் முக்கில் கஞ்சித் தூக்கோடு நின்றாள். பக்கத்தில் தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் ஏழெட்டுப் பேர். புது லோடுமேனைப் பார்க்க ஆசை. மேட்டில் மட்கார்டு சத்தம் கேட்டது. கோழிகள் ஒதுங்கின.

ஊர்க்காவலன் மேட்டிலிருந்தே அமுக்கிக்கொண்டுதான் வந்தான். வள்ளித்தாய் பார்த்தாள், ரெண்டு கையின் விரல்மூட்டும் வெளுத்துப்போய் லீவர் ஹேண்டில்பாரோடு ஒட்டியிருந்தது. கட்டைகள் மினுமினுவென்று ரிம்மைத் தொட்டு, வாய்திறக்காமல் வழுக்கிக்கொண்டே வந்தன. முக்கு வந்தது. ஹேண்டிலை இடது பக்கம் ஒடித்தான். அந்த வேகத்தில் ஒடித்தால் மண்பாதையோரத்துக் கிணற்றுக்குள்தான் போவான் என்று தெரிந்து திரும்ப நேராக்கினான்.

"வள்ளி! பிடிக்கல வள்ளி!"

"குதிங்க! குதிச்சிருங்க!"

அவன் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். அமுக்கின கையை விடாமல், செருப்பைத் தேய்க்கவும் மறந்து, தலையை மட்டும் திருப்பி அவளைப் பார்த்துக்கொண்டே, சின்னதாகி, சின்னதாகிப் போனான்.

கீழே சின்னச்சாமிக்கு அந்தச் சத்தம் பழக்கம். நாற்காலியை எடுத்துக்கொண்டு ஒதுங்கப் போனவர், மேலே பார்த்துவிட்டு, போர்மேன் சொல்லி வைத்தது நினைவு வந்து, ஓடிப்போய் கேட்டின் ரெண்டு கதவையும் அகலத் திறந்தார். சைக்கிள் மரத்தைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, உள்ளே போய் மணல் வாளிகளின் மேல் சரிந்தது. சங்கு ஊதியது.

"வந்துட்டானா?" என்று கேட்டுக்கொண்டே போர்மேன் ஓட்டமாக வந்தார். "வருவான்னு சொன்னேன்ல! எந்திரிலே காவலா, ஒண்ணுமில்ல, எந்திரி. நேரமாச்சி. ஒம் பொண்டாட்டி எங்க?"

சின்னச்சாமி கேட்டைப் பிடித்துக்கொண்டு இறக்கத்தை அண்ணாந்து பார்த்தார். பெண்களெல்லாம் மண்பாதையில் போய்விட்டிருந்தார்கள். முக்கில் ஒருத்தி மட்டும், கஞ்சித் தூக்கோடு, இந்தப் பக்கமும் வராமல் அந்தப் பக்கமும் போகாமல்.

"அந்தா, முக்குலதான் நிக்கா அண்ணாச்சி," என்றார். "கேட்டச் சாத்தவா, இல்ல தெறந்தே வைக்கவா?"